தங்குவோர் வரி: உல்கு முதல் சாங்கி வரை

வரி என்னும் சொல் எக்காலத்தும் எவர் செவிக்கும் இனித்ததில்லை. எனினும் வரி தண்டாமல் நடந்த அரசு உலக வரலாற்றில் யாண்டும் இல்லை. ஊரில் வாழ்பவன் ஊருக்கு இறுக்கும் வரியைப் பற்றி அறிஞர் பலர் ஆராய்ந்துள்ளனர். இரண்டு இரவு தங்கிப் போக வந்தவனிடம் வரி கேட்கலாமா என்பது அதனினும் நுட்பமான வினா. கேட்டால், விருந்தாக வந்தவனிடம் விலை பேசுகிறார்கள் என்ற பழி வரும். அவன் மறுமுறை வேறு ஊரை நாடவும் கூடும். கேளாது விட்டால், அவன் நடக்கும் சாலைக்கும், அவன் இறங்கும் துறைக்கும், அவன் வழி காண எரியும் விளக்குக்கும் உள்ளூர் உழைப்பாளியே பொருள் தர வேண்டியவனாகிறான்.

இவ்வினா இன்று உலகின் பல நகரங்களில் மன்றம் ஏறியுள்ளது. பிரான்சு நாடு 1910ஆம் ஆண்டிலேயே, மருந்து நீரூற்றுகளை உடைய ஊர்களும் நலம் நாடி மக்கள் செல்லும் ஊர்களும் தங்குவோரிடம் வரி பெறுவதற்குச் சட்டம் இயற்றியது. தோக்கியோ 2002இலும், கியோத்தோ 2018இலும் விடுதி வரியை மேற்கொண்டன. இந்தோனேசியாவின் பாலித் தீவு 2024 பிப்ரவரி 14 முதல் வெளிநாட்டார் ஒவ்வொருவரிடமும் 150,000 ரூப்பியா பெறுகிறது. வெனிசு நகரமோ 2024 ஏப்ரல் 25 முதல் குறிப்பிட்ட நாள்களில், தங்காமல் பகலில் மட்டும் வந்து போவோரிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் கேட்கலாயிற்று. இரவில் தங்குவோர் விடுதியிலேயே வரி செலுத்திவிடுவதால் அவர்களுக்கு விலக்கு உண்டு.

சிங்கப்பூருக்கு இவ்வழக்கு புதியதன்று. வரியில்லாத் துறைமுகம் என்ற பெயரால் வளர்ந்த இத்தீவு, வந்து போவோரிடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று இரு நூற்றாண்டுகளாக எண்ணி வந்திருக்கிறது. அவ்வரலாற்றில் தமிழர்க்கும் தொடர்பு உண்டு. ஆதலின் நம் பழைய மரபிலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும்.

உல்கும் சுங்கமும்

பழந்தமிழர் சுங்கத்தை உல்கு என்று வழங்கினர். வேந்தனுக்கு உரிய பொருள் வகைகளை எண்ணுமிடத்துத் திருவள்ளுவர் உல்கினையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய இரு பாட்டுகளில் உல்கின் இரு முகங்களைக் காணலாம். பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்க அலுவலர் வந்திறங்கும் பண்டங்களுக்கும் ஏற்றி அனுப்பும் பண்டங்களுக்கும் ஓய்வின்றிப் புலி இலச்சினை இடுகின்றனர். பெரும்பாணாற்றுப்படையில், மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்துகள் செல்லும் பெருவழியில் உல்கு பெறப்படுகிறது. அவ்வழியை வில்லேந்திய மறவர் காக்கின்றனர். துறையில் பெற்ற உல்கு அரசனின் வருவாய். வழியில் பெற்ற உல்கோ, காவலோடு இணைத்துப் பேசப்படுகிறது. கொடுப்பவனுக்குத் தன் பொதி கொள்ளை போகாது என்ற உறுதி கிடைத்தது.

இவ்விரு வகை உல்கும் பண்டத்தின்மேல் விழுந்தன. வழிநடையாய் வந்த ஆளின்மேல் விழுந்ததாக அப்பாட்டுகள் கூறவில்லை. வழிப்போக்கனை விருந்து என்றனர் நம் முன்னோர். விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பொருள். புதியவனுக்குச் சோறிடுவது இல்லறத்தானின் கடமை என்று அறநூல் விதித்தது. பிற்காலத்தில் அக்கடமையை அரசரும் வணிகரும் மேற்கொண்டு சத்திரங்கள் கட்டினர். தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசி காலத்தில், 1802இல் எழுந்த ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் அவ்வகையில் பெயர் பெற்றது. வழிச்செல்வோர் அங்கே காசின்றித் தங்கினர். செலவை மானிய நிலங்களின் விளைவு தாங்கியது. இலவசம் என்று நாம் கூறுவதன் பின்னால் எவனோ ஓர் உழவனின் உழைப்பு இருந்தது என்பதை மறத்தலாகாது.

சுங்கத்தைத் தள்ளுவதால் புகழ் பெற்ற அரசரும் உளர். முதற் குலோத்துங்கன் (1070–1120) சுங்கம் தவிர்த்த சோழன் என்று போற்றப்பட்டான். ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளித் துறையை ஆண்ட காகதீய மன்னன் கணபதிதேவன், 1244ஆம் ஆண்டையொட்டிப் பொறித்த கல்வெட்டில், புயலில் ஒதுங்கிய கலங்களின் பண்டங்களை முன்னையோர் பறித்துக்கொண்ட வழக்கத்தை நீக்கி, வரையறுத்த சுங்கத்துக்கு மேல் எதுவும் கொள்வதில்லை என்று கடல் வணிகர்க்கு அபயம் அளித்தான். வரியே கூடாது என்று அக்கல்வெட்டு சொல்லவில்லை. வருவோனுக்கு எவ்வளவு என்பது முன்னரே தெரிய வேண்டும் என்றே சொல்கிறது.

ஆளின்மேல் வரி விதித்த கதையும் இந்திய வரலாற்றில் உண்டு. பூரி, கயை, அலகாபாத்து ஆகிய தலங்களுக்குச் சென்றவர்களிடம் கிழக்கிந்தியக் கம்பெனி யாத்திரை வரி தண்டியது. கிறித்துவப் பாதிரிமார் சிலர், கம்பெனி அரசு கோயிலோடு தொடர்பு கொள்ளலாகாது என்ற காரணத்தால் அதனை எதிர்த்து நூல்களும் துண்டு வெளியீடுகளும் எழுதினர். இங்கிலாந்தில் நெடுநாள் நடந்த அச்சொற்போரின் முடிவில், 1840ஆம் ஆண்டின் 10ஆம் சட்டத்தால் அவ்வரி நீக்கப்பட்டது.

வரியில்லாத் துறைமுகம்

அதே கம்பெனிதான் அக்காலத்தில் சிங்கப்பூரையும் ஆண்டது. 1819இல் இராபிள்சு இத்தீவில் கால் வைத்தபோது, இங்கு வரும் கலங்களுக்கும் சரக்குகளுக்கும் சுங்கம் இல்லை என்பதே அவர் விரித்த வலையாக இருந்தது. டச்சுக்காரரின் துறைமுகங்களில் வரியால் வருந்திய வணிகர் இங்கே குவிந்தனர். நாகூரிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் வந்த மரைக்காயர்களும், பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை போன்றோரும் அக்கூட்டத்தில் இருந்தனர். பின்னர் வந்த நகரத்தார் மார்க்கெட் ஸ்திரீட்டில் கிட்டங்கிகள் அமைத்தனர். தொழிலும் உறைவிடமும் ஒரே கூரையின்கீழ் நடந்த அக்கிட்டங்கிகள், புதிதாய் வந்தவர்க்குப் பெட்டியை வைக்கவும் பாயை விரிக்கவும் இடம் தந்தன.

துறைமுகத்தில் வரி இல்லை. ஆனால் செலவு உண்டு. 1830களில் கடற்கொள்ளை பெருகியபோது, அதனை அடக்கும் கப்பல்களின் செலவுக்காக இந்திய அரசு வணிகத்தின்மேல் தீர்வை விதிக்க எண்ணியது. சிங்கப்பூர் வணிகர் கொதித்தெழுந்தனர். 1837இல் வணிகர் சங்கம் இங்கே தோன்றியதற்கு அத்தீர்வை பற்றிய அச்சமும் ஒரு காரணமாகும். தீர்வை கைவிடப்பட்டது. ஆனால் கொள்ளையை அடக்கும் செலவை யார் தாங்குவது என்ற வினா அப்படியே நின்றது.

1850களில் துறைமுக வரி விதிக்கும் பேச்சு மீண்டும் எழுந்தது. இந்திய நாணயத்தைப் புகுத்தும் முயற்சி, இந்தியாவிலிருந்து தண்டனைக் கைதிகளை அனுப்பி வைத்தல் ஆகியவற்றோடு இதுவும் சேர்ந்து வணிகரின் மனக்குறை ஆயிற்று. 1857இல் ஐரோப்பிய வணிகர், இந்திய ஆட்சியினின்று தம்மைப் பிரிக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு விண்ணப்பித்தனர். பத்து ஆண்டுகளுக்குப் பின், 1867 ஏப்ரல் 1ஆம் நாள் நீரிணைக் குடியேற்றங்கள் இலண்டனின் நேரடி ஆட்சிக்கு மாறின. வந்து போகும் கப்பலுக்கு வரி போடலாமா என்ற வழக்கு, ஒரு நாட்டின் ஆட்சி மாற்றத்துக்கே காரணங்களுள் ஒன்றாயிற்று.

விளக்கின் கூலி

அதே காலத்தில் சிங்கப்பூர்க் கடலில் மற்றொரு கட்டணம் பிறந்தது. சாங்கி முனைக்குக் கிழக்கே, நீரிணையின் வாயிலில் பெட்ரா பிராங்கா என்னும் பாறைத்தீவு உள்ளது. அப்பாறைகளில் மோதிக் கலங்கள் பல உடைந்தன. கம்பெனியின் கடல் வரைபட வல்லுநராகிய சேம்சு ஆர்சுபர்க் 1836இல் காலமானபோது, அவர் நினைவாக ஒரு கலங்கரை விளக்கம் எழுப்பக் கீழ்த்திசை வணிகர் பொருள் திரட்டினர். திரட்டிய பொருள் போதவில்லை. எஞ்சியதை அரசு தந்தது. சே. டி. தாம்சன் கட்டிய அவ்விளக்கம் 1851 அக்டோபர் 15ஆம் நாள் முதல் ஒளிர்ந்தது.

செலவை மீட்கவும் விளக்கைக் காக்கவும், 1852ஆம் ஆண்டின் 6ஆம் சட்டம் கப்பல்களின்மேல் விளக்குக் கட்டணம் விதித்தது. 1854இல் வேறொரு சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. எல்லாத் தீர்வைக்கும் பகைவராக நின்ற துறைமுகத்தில் இக்கட்டணம் நிலைத்தது. காரணம் எளிது. இருளில் வரும் மாலுமி அவ்வொளியைத் தன் கண்ணால் கண்டான். தான் கொடுத்த காசு எங்கே எரிகிறது என்பதை அவன் அறிந்தான். பெரும்பாணாற்றுப்படையின் வில்வீரரும் பெட்ரா பிராங்காவின் விளக்கும் ஒரு நெறியையே உணர்த்துகின்றன: வழியில் கேட்கும் காசுக்கு வழியிலேயே பயன் தெரிய வேண்டும்.

'செஸ்' வந்த கதை

சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிங்கப்பூருக்கு வருவோரின் இயல்பு மாறியது. சரக்கோடு வந்தவர் போக, ஊர் காண வந்தவர் பெருகினர். 1964 சனவரியில் சுற்றுப்பயண வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பெற்றது. அவ்வாண்டு வந்த பயணிகள் ஏறத்தாழ 91,000 பேர். இந்தோனேசியாவின் பகைமையும், சூலைத் திங்களில் நேர்ந்த இனக் கலவரமும் நாட்டை வாட்டிய ஆண்டு அது. வேலையில்லாத் திண்டாட்டம் மிகுந்திருந்தது. பிரிட்டிஷ் படைத்தளங்கள் மூடப்படும் என்ற செய்தி சில ஆண்டுகளில் வந்தபோது, தளங்களை நம்பி வாழ்ந்த பல்லாயிரம் குடும்பங்கள் கலங்கின. ஓட்டல் தொழில் வேலை தரும் என்று அரசு நம்பியது. 1971இல் சாங்ரி-லா போன்ற பெரிய ஓட்டல்கள் திறக்கப்பட்டன.

மறு ஆண்டே, 1972இல், தீர்வை தண்டும் சட்டம் பிறந்தது. இதனை 'செஸ்' என்பர். கணித்து விதித்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதற்குறையே அப்பெயர் என்பது தமிழாசிரியர்க்குச் சுவை தரும் செய்தி. பயணிகளின் ஓட்டல்கள், உணவகங்கள், மதுக்கூடங்கள் என அரசிதழில் அறிவிக்கப்பட்ட இடங்களில் நடக்கும் விற்பனையின்மேல் இத்தீர்வை விழுந்தது. தண்டிய பொருள், பயணிகளை ஈர்க்கும் பணிக்குச் சென்றது.

இச்சட்டத்தில் உற்று நோக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. பயணி யார் என்று அது தேடவில்லை. பயணியின் இடம் எது என்றே தேடியது. அறிவிக்கப்பட்ட ஓர் உணவகத்தில் திருமண நாளுக்காகச் சென்று உண்ட தோ பாயோக் குடும்பமும் தீர்வை கொடுத்தது. வெளிநாட்டிலிருந்து வந்து சிராங்கூன் சாலையில் உறவினர் வீட்டில் தங்கி, வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உண்டவர் அதனைக் கொடுக்கவில்லை. இது நேர்மையா என்று கேட்கலாம். கடவுச்சீட்டைக் காட்டு என்று உணவு மேசையில் எவரும் கேட்க வேண்டியதில்லை என்ற எளிமை அதில் இருந்தது. விகிதமாக விழுந்ததால், அதிகம் செலவிட்டவர் அதிகம் கொடுத்தார். குறைவாகச் செலவிட்டவர் குறைவாகக் கொடுத்தார்.

1994 ஏப்ரல் 1ஆம் நாள் நூற்றுக்கு மூன்று என்ற அளவில் பொருள், சேவை வரி வந்தது. அதன்பின் நெடுங்காலம், உணவகப் பட்டியல்களில் மூன்று கூட்டல் குறிகள் வரிசையாக நின்றன. சேவைக் கட்டணம் பத்து, செஸ் ஒன்று, பொருள், சேவை வரி எனும் மூன்றுக்கும் அவை அடையாளம். 'பிளஸ் பிளஸ் பிளஸ்' என்ற சொற்றொடர் சிங்கப்பூரர் வாயில் வழக்காயிற்று. பின்னாளில் ஒரு குறி மறைந்து இரண்டு குறிகளே எஞ்சின. மறைந்தது எது என்று இன்றைய இளைஞரைக் கேட்டால் பலர் அறியார். சிறிதாய், சீராய், எவரையும் சுட்டாமல் தண்டிய வரி அரவமின்றி வந்து அரவமின்றிச் சென்றது.

பந்தய இரவுகள்

அரவம் எழுந்தது வேறொரு வேளையில். 2008 செப்டம்பர் 28ஆம் நாள், உலகின் முதல் இரவு நேர 'பார்முலா ஒன்' கார்ப் பந்தயம் மரினா கரையோரச் சாலைகளில் நடந்தது. ஆண்டுக்குச் சுமார் 150 மில்லியன் வெள்ளி செலவாகும் என்றும், அதில் நூற்றுக்கு அறுபது பங்கை அரசு தரும் என்றும் அறிவிக்கப்பட்டது. அப்பங்கில் ஒரு பகுதியை ஈடு செய்ய, பந்தய இரவுகளில் ஓட்டல்களின் அறை வருவாயின்மேல் தனித் தீர்வை விதிக்கப்பட்டது. பந்தயச் சாலையை ஒட்டிய ஓட்டல்களுக்கு நூற்றுக்கு முப்பது. ஏனையவற்றுக்கு நூற்றுக்கு இருபது.

வாதங்கள் இரு பக்கமும் வலியன. பந்தயத்தால் அறை வாடகை பன்மடங்கு ஏறும். உழைக்காமல் வந்த அந்த ஊதியத்தில் ஒரு பங்கைப் பந்தயத்துக்கே தருவது முறைதானே என்றது ஒரு பக்கம். எல்லா ஓட்டலுக்கும் பந்தயத்தால் விருந்தினர் வருவதில்லை. முன்பே ஒப்பந்த விலையில் அறை தந்தவர் என் செய்வார் என்றது மறுபக்கம். குட்டி இந்தியாவின் சிறு விடுதிகளை எண்ணிப் பார்த்தால் இம்மறுபக்கத்தின் வலிமை விளங்கும். அங்கே அறை எடுப்பவர் பலர் பந்தயம் காண வந்தவர் அல்லர். திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் வணிகத்துக்கும் உறவினரைக் காணவும் வந்தவர்கள். பந்தயத்துக்கு இரு வாரங்களுக்கு முன் நியூயார்க்கில் லேமன் நிதி நிறுவனம் வீழ்ந்து, உலகப் பொருளாதாரமே நடுங்கியது. அடுத்த ஆண்டில் அத்தீர்வை விகிதம் குறைக்கப்பட்டது. பயனுக்கு ஏற்ப வரி என்ற நெறி நல்லதே. பயன் எவ்வளவு என்று அளக்கும் கோலில்தான் வழக்கு எழுகிறது.

பாலத்திற்கு அப்பால்

ஜொகூர்ப் பாலத்துக்கு அப்பாலுள்ள மலேசியா வேறு வழியை மேற்கொண்டது. பினாங்கு மாநிலம் 2014 சூன் முதல், பெரிய ஓட்டல்களில் அறைக்கு ஓர் இரவுக்கு 3 ரிங்கிட்டும் ஏனையவற்றில் 2 ரிங்கிட்டும் பெறத் தொடங்கியது. 2017இல் நடுவண் அரசு நாடு முழுமைக்கும் சுற்றுப்பயண வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. முதலில் ஓட்டலின் நட்சத்திரத் தரத்துக்கு ஏற்ப வேறு வேறு தொகை என்றும், மலேசியரும் செலுத்த வேண்டும் என்றும் திட்டமிட்டனர்.

சொற்போர் மூண்டது. சரவாக் மாநிலச் சுற்றுப்பயண அமைச்சர் அப்துல் கரீம் இரகுமான் அம்சா, மாநிலத்தின் கருத்தை நன்கு கேளாமல் வரி விதிப்பதா என்று வினவினார். நடுவண் அமைச்சர் நஸ்ரி அசீஸ் கடுமொழியால் விடையிறுத்தார். பேச்சு, வரியைக் கடந்து 1963ஆம் ஆண்டின் மலேசிய ஒப்பந்தத்துக்கும், மாநிலங்களின் உரிமைக்கும் சென்றது. சரவாக், நடுவண் சுற்றுப்பயண வாரியத்தினின்றும் விலகியது. 1857இல் சிங்கப்பூர் வணிகர் கல்கத்தாவை நோக்கி எழுப்பிய குரலின் எதிரொலி போன்றதே இது. தொலைவிலுள்ள தலைநகர் தண்டும் காசு, தண்டப்படும் ஊருக்குத் திரும்புமா என்பதே இரண்டிலும் அடிப்படை வினா.

முடிவில் மலேசியர்க்கு விலக்கு அளிக்கப்பட்டது. 2017 செப்டம்பர் 1ஆம் நாள் முதல், வெளிநாட்டார் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் செலுத்தலாயினர். பின்னர் அறிவிக்கப்பட்ட 2019ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில், வருவாயில் பாதியை மாநிலங்களுக்குப் பகிர்வதாக அரசு உறுதி கூறியது. மாநிலங்கள் எழுப்பிய குரல் வீண்போகவில்லை.

நட்சத்திரத் தரத்தை விட்டுவிட்டு ஒரே தொகை வைத்ததால் ஓர் இடர்ப்பாடும் விளைந்தது. 600 ரிங்கிட் அறையில் தங்குவோர்க்கு அப்பத்து ரிங்கிட் அறுபதில் ஒரு பங்கு. 60 ரிங்கிட் அறையில் தங்குவோர்க்கோ அது ஆறில் ஒரு பங்கு. விளைவில் ஆறில் ஒரு பங்கை அரசனுக்கு இறுத்தனர் நம் முன்னோர் என்பர். ஓர் இரவு பாய் விரித்தவனிடம் அதே பங்கு கேட்பது, எளியோர் தங்கும் விடுதிகளுக்கே முதலில் சுமையாகும். எளிய கணக்கு எப்போதும் எளியோர்க்கு ஏற்ற கணக்கு ஆகாது.

கூரை ஆடம்பரமா?

தமிழ்நாட்டின் வழக்கு மற்றொரு பாடம் தருகிறது. 1981இல் அங்கே ஓட்டல்களிலும் தங்கும் விடுதிகளிலும் ஆடம்பர வரி விதிக்கும் சட்டம் வந்தது. குறிப்பிட்ட வாடகைக்கு மேற்பட்ட அறையை ஆடம்பரம் என்று சட்டம் கொண்டது. விலைவாசி ஏறும்போது நேற்றைய ஆடம்பரம் இன்றைய தேவையாகிவிடும். மகளின் தேர்வுக்காகச் சென்னைக்கு வந்து ஓர் இரவு அறை எடுக்கும் சிற்றூர் ஆசிரியரும், மருத்துவமனைக்கு அருகே தங்கும் நோயாளியின் தமையனும் ஆடம்பரம் நாடி வந்தவர்கள் அல்லர். வரம்பைக் காலந்தோறும் திருத்தாவிட்டால், சொல் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் போய்விடும்.

2017 சூலை 1ஆம் நாள் இந்தியாவில் சரக்கு, சேவை வரி வந்தபோது ஆடம்பர வரி அதனுள் அடங்கிற்று. தொடக்கத்தில் நாள் வாடகை ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்த அறைகளுக்கு விலக்கு இருந்தது. 2022 சூலையில் அவ்விலக்கு நீங்கி, நூற்றுக்கு 12 வரி வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு நூற்றுக்கு 5 எனக் குறைந்தது. எட்டு ஆண்டுகளில் சிறு விடுதியின் பலகை பன்முறை மாறியது. கணபதிதேவன் கல்லில் பொறித்த உறுதியை இங்கே நினைவுகூரலாம்.

சாங்கியில் துயில்வோர்

தமிழ்நாட்டில் ஆடம்பர வரி வந்த அதே 1981ஆம் ஆண்டு, சூலை 1ஆம் நாள், சாங்கி விமான நிலையம் இயங்கத் தொடங்கியது. சாங்கியில் அதற்கு முன் தங்கியோர் வரலாறு துயரம் மிக்கது. 1936இல் அங்கே சிறைச்சாலை எழுந்தது. சப்பானியர் ஆட்சியில் போர்க்கைதிகளும் குடிமக்களும் சாங்கியில் அடைபட்டுக் கிடந்தனர். அக்கைதிகளின் உழைப்பைக் கொண்டே 1943–44இல் விமான ஓடுபாதை அமைக்கப்பட்டது. போருக்குப் பின் அது பிரிட்டிஷ் விமானப் படையின் தளமாயிற்று. 1970களின் தொடக்கத்தில் அப்படையும் வெளியேறியது. 1975இல், பாய லேபாரை விரிவாக்காமல் சாங்கியில் புதிய நிலையம் கட்டுவது என அரசு முடிவு செய்தது. கடலைத் தூர்த்து நிலம் பெற்றனர்.

விமானம் மாறும் பயணி ஓரிரவு சாங்கியில் கழித்தாலும் ஊருக்குள் அடியெடுத்து வைப்பதில்லை. வெளியே வாராத அவரிடம் ஊர் ஓட்டல்களின் வரி சென்று சேராது. ஆயினும் ஓடுபாதையும் விளக்கும் குளிர்காற்றும் அவருக்கும் உரியன. தங்குவோர் வரி என்ற கருத்தின் எல்லை இங்கே தெரிகிறது. ஆகவே சாங்கியில் வேறு வகைக் கட்டணம் வளர்ந்தது.

ஐந்தாம் முனையத்தின் பெருஞ்செலவை எண்ணி, 2018 சூலை 1ஆம் நாள் முதல் விமான நிலைய மேம்பாட்டுத் தீர்வை விதிக்கப்பட்டது. சிங்கப்பூரிலிருந்து புறப்படுவோர்க்கு அது 10 வெள்ளி 80 காசு. விமானம் மாறிச் செல்வோர்க்கு 3 வெள்ளி. இதனோடு பிற உயர்வும் சேர்ந்து, புறப்படுவோர் செலுத்தும் மொத்தக் கட்டணம் 34 வெள்ளியிலிருந்து 47 வெள்ளி 30 காசாக உயர்ந்தது. இத்தீர்வை சிங்கப்பூரர், வெளிநாட்டார் என்ற வேறுபாடு பார்ப்பதில்லை. தைப்பொங்கலுக்குத் தாய்நாடு செல்லும் தொழிலாளியும், வணிகத்துக்குப் பறக்கும் செல்வரும் ஒரே தொகை கொடுக்கின்றனர்.

இங்கும் வாதம் எழுந்தது. இன்னும் கட்டாத முனையத்துக்கு இன்றைய பயணி ஏன் கொடுக்க வேண்டும் என்று பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம் வினவியது. அரசு 2015இலேயே மூன்று பில்லியன் வெள்ளியைத் தனி நிதியமாக ஒதுக்கியிருந்தது. சுமையை அரசும், நிலையமும், விமான நிறுவனங்களும், பயணிகளும் பகிர்வதே முறை என்பது அதன் நிலை. முன்னரே சிறுகச் சிறுகத் தண்டினால் கடன் குறையும். பின்னர் ஒரே தலைமுறைமேல் பெருஞ்சுமை விழாது. மாறாக, முதியவர் ஒருவர் இன்று கொடுக்கும் காசுக்குரிய பயனைக் காணாமலே போகக்கூடும். பெட்ரா பிராங்காவில் விளக்கு எரிந்த பின்னரே கட்டணம் வந்தது. சாங்கியில் விளக்கு ஏற்றுவதற்கு முன்னரே கட்டணம் வந்தது. அவ்வேறுபாடு சிறிதன்று. ஆயினும், இன்றைய பயணி நடக்கும் முதல் முனையமும் முன்னொரு தலைமுறையின் பொருளால் எழுந்ததே என்பதையும் நடுவுநிலையாளர் மறவார்.

வழக்கின் சாரம்

கணக்கைக் கூட்டிப் பார்க்கும்போது சில உண்மைகள் புலனாகின்றன. வந்து போவோரிடம் வரி பெறுவதை வரலாறு முற்றிலும் ஒதுக்கவும் இல்லை. முற்றிலும் ஏற்கவும் இல்லை. நிலைத்தவை, அளவு முன்னரே தெரிந்தவை, பயன் கண்ணில் தெரிந்தவை, ஆளைச் சுட்டாதவை. பகையை விளைத்தவை, ஊரைக் கேளாமல் தலைநகர் விதித்தவையும், பயன் பெறாதவன்மேல் விழுந்தவையும் ஆம். எளியவன் தங்கும் விடுதிக்கும் செல்வன் தங்கும் மாளிகைக்கும் ஒரே தொகை கேட்டவை, சட்டத்தின் முன் சமம் எனத் தோன்றினும் பையின் முன் சமம் ஆகவில்லை.

சிங்கப்பூருக்கு 2024இல் வந்த பயணிகள் 16.5 மில்லியன் பேர். 1964இல் வந்த ஒருவருக்கு ஈடாக இன்று ஏறத்தாழ நூற்று எண்பது பேர் வருகின்றனர். அவர்கள் நடக்கும் நடைபாதையும், அருந்தும் நீரும், விட்டுச் செல்லும் குப்பையும் இத்தீவின் சிறுநிலத்துக்குள் அடங்க வேண்டும். பிற நகரங்களைப் போல் தங்குவோர் வரியை உயர்த்துக என்ற குரல் நாளை இங்கும் எழலாம். அன்று, பெறும் காசு எங்கே போகும் என்பதைச் சட்டத்திலேயே எழுதுக என்றும், ஆண்டுதோறும் கணக்கைக் காட்டுக என்றும், சிராங்கூன் சாலைச் சிறு விடுதியின் நிலையையும் அளந்து விதிக்க என்றும் கேட்பது குடிமக்கள் கடமை.

ஐந்தாம் முனையத்துக்கு 2025 மே 14ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பெற்றது. 2030களின் நடுப்பகுதியில் அது திறக்கப்படும் என்றும், ஆண்டுக்கு 50 மில்லியன் பயணிகளைத் தாங்கும் என்றும் கூறுகின்றனர். அதன் வாயிலில் முதன்முறையாக இறங்கப்போகும் சிற்றூர்ச் சிறுவனுக்காக, இன்று விமானம் மாறிச் செல்லும் முகமறியாப் பயணி ஒருவர் 3 வெள்ளி கொடுத்துச் செல்கிறார்.